மருதாணி விரலும் அவர் ஃபோனும்

என் வலது கைக் கட்டைவிரல் துபாயில் இருக்கிறது. ஆளாக நான் மேலப்பாளையத்தில்தான் இருக்கிறேன். ரவிக்கை தைக்கிறேன், வீட்டுக்காரரைப் பெற்ற மாமிக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன், ரேஷன் கடை வரிசையில் நிற்கிறேன். விரல் மட்டும் என் வீட்டுக்காரர் ஃபோனுக்குள் பதிந்து, அவர் சட்டைப்பையில் தினமும் வேலைக்குப் போய் வருகிறது. எங்கள் வீட்டிலிருந்து விசா இல்லாமல் போனது அது ஒன்றுதான். அது எப்படி அங்கே போனது, அதை வைத்துக்கொண்டு ஒரு லீவு முழுக்க நான் என்ன பாடுபட்டேன் என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றுகிறது.

அவருக்குக் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வை வேலை. மகள் தொட்டிலில் கிடந்தபோது போனவர். அந்த மகளைக் கட்டிக்கொடுத்து, அவள் இப்போது ஏர்வாடியில் குடும்பம் நடத்துகிறாள். இவர் இன்னும் அங்கேதான். 'இன்னும் ரெண்டு வருஷம்' என்று ஒவ்வொரு லீவிலும் சொல்வார். நானும் ஒவ்வொரு லீவிலும் நம்புவேன். நம்பாமல் வேறு என்ன செய்ய?

மனுஷருக்குப் பேச்சு குறைவு. வீடியோ காலில் வந்தாலும் சாப்பிட்டியா, உம்மா சாப்பிட்டாளா, மழை உண்டா, ஆத்துல தண்ணி போவுதா, அவ்வளவுதான். மூஞ்சியை முழுதாகக்கூடக் காட்டமாட்டார். பாதி நேரம் எனக்கு அவர் நெற்றியும் மேலே ஓடும் மின்விசிறியும்தான் தெரியும். அந்த மின்விசிறியின் ஒரு இறக்கையில் கறுப்பாக ஒரு கறை உண்டு. அவர் முகத்தைவிட அந்தக் கறை எனக்கு நல்ல பழக்கம்.

இப்படிப்பட்டவர் கல்யாணமான முதல் வாரத்தில் எனக்கு ஒரு பெயர் வைத்தார். வீட்டில் யாருக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. அதை இங்கே எழுதமாட்டேன். வெட்கம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, அது பின்னால் தெரியும்.

அவர் கம்பெனியில் முன்பெல்லாம் எதைத் தொட்டாலும் பாஸ்வேர்டு கேட்குமாம். வேலைக்கு வந்ததைப் பதிய ஒன்று, லீவு போட ஒன்று, சம்பளச் சீட்டைப் பார்க்க ஒன்று, சரக்கு உள்ளே வந்ததற்கு ஒன்று, வெளியே போனதற்கு ஒன்று. கூட வேலை பார்க்கும் மலையாளத்துக்காரரும் வங்காளத்துக்காரரும் அதை மறந்துவிட்டு ஆபீஸில் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்களாம். இவர் ஒருநாள்கூட அப்படி நின்றதில்லை. எப்படி என்று கேட்டேன். சும்மா பேச்சை வளர்க்கத்தான் கேட்டேன்.

"எல்லாத்துக்கும் உன் பேரத்தான போட்டிருக்கேன். அது எப்பிடி மறக்கும்?" என்றார்.

அவர் வைத்த பெயரையா சொன்னார், நிஜப் பெயரையா என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. மறுநாள் விட்ட இடத்தில் பிடித்தேன். அந்தப் பெயர்தானாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும். அப்போது பெயரின் வாலில் எதையாவது ஒட்டவைப்பார். அதற்குப் பிறகு, 'இந்தத் தடவ உன் தலையில நட்சத்திரம் வச்சிருக்கேன்' என்பார். இன்னொரு தடவை ஆச்சரியக்குறி. 'எதுக்கு ஆச்சரியம்?' என்று கேட்டால் சிரிப்பார். கம்பெனி யாரிடமும் சொல்லக்கூடாது என்று எழுதி ஒட்டியிருந்ததை எனக்கு வாரம் தவறாமல் சொன்னார். மற்ற பெண்களுக்குத் தங்கம் வந்தது, செண்டு பாட்டில் வந்தது. எனக்கும் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு மனுஷர் கடல் தாண்டி உட்கார்ந்து, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை என் பெயரை விரலால் அடித்துக்கொண்டே இருக்கிறார் என்ற நினைப்புக்கு முன்னால் அந்த செண்டு எம்மாத்திரம்! எத்தனை முறை அடிக்கிறார் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. கண் பட்டுவிடும் என்று பயம்.

பட்டும்விட்டது. ஒருநாள் கூப்பிட்டு வழக்கத்தைவிட அதிகம் பேசினார். கம்பெனியில் எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஃபோனில் ஒரே ஆப் ஆகக் கொடுத்துவிட்டார்களாம். ஒரு லாகின் போதுமாம். அதற்கும் எழுத்து வேண்டாம், கைரேகைதான். விரலை வைத்தால் வருகைப் பதிவு, லீவு, சம்பளம், சரக்கு எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும். ஆப்பைச் சொல்லிக்கொடுக்க வகுப்பு எடுத்தவர் என்ன சொன்னார் என்பதையும் இவர் ஆசையோடு சொன்னார். "இனிமே ஒண்ணையும் ஞாபகம் வச்சுக்கிட வேண்டாம்ட்டி. வெரல வச்சாப் போதும்."

நல்லதுதானே என்றேன். ஃபோனை வைத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தேன். அன்று தைத்த ரவிக்கையில் வலக்கையை இடப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, அதைப் பிரிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்றுமில்லாத விஷயம்தான். அடுத்த வீட்டு லாத்தாவிடம் சொன்னால் சிரிப்பாள். ஆனால் அத்தனை வருஷம் ஒரு கம்பெனி என் வீட்டுக்காரரை என்னைத் தினமும் நினைக்கவைத்துக்கொண்டிருந்தது. இப்போது அதே கம்பெனி, வேண்டாம், மறந்துவிடலாம் என்று சொல்லிவிட்டது. எனக்கு வருத்தமாக இருந்தது. அவர் அதைச் சந்தோஷமாகச் சொன்னது இன்னும் வருத்தமாக இருந்தது.

அடுத்த லீவுக்கு அவர் வந்தபோது இதை வாய்விட்டே சொல்லிவிட்டேன். எனக்கு மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. வைத்தால் மூக்கில் வந்துவிடும் என்று என் உம்மாவே சொல்வாள். "எம் பேருதான் போச்சு. எம் வெரலாவது அதுல இருக்கட்டும்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. லீவு முடியப்போகும் நேரத்தில் ஒருநாள், மாடிக்கு ஏறும் மெத்தைப் படியில் உட்கார்ந்து ஃபோனை எடுத்தார். புது விரலைச் சேர்க்க வேண்டுமென்றால் அது முதலில் ஏதோ கேட்கும்போலிருக்கிறது. ஃபோனை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு எதையோ அடித்தார். அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை. கண்ணாடியில் ஒரு வட்டம் வந்தது. என் கட்டைவிரலைப் பிடித்து அதன் மேல் வைத்தார். வை, எடு, வை, எடு, கொஞ்சம் சரிச்சு வை, பைய, பைய. ஒவ்வொரு முறையும் வட்டத்துக்குள் ரேகை கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்தது. நிக்காஹ் முடிந்த அன்றுகூட அவர் என் விரலை இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கீழே மாமி தேயிலை கொதித்துவிட்டது என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடாதா என்று எனக்குத் திக்கென்றது. ஃபோன் அது யாருடைய விரல் என்று பார்க்காதாம். உள்ளே இருக்கிற விரல்தானா என்று மட்டும்தான் பார்க்குமாம். அப்படியென்றால் அந்த ஃபோனைப் பொறுத்தவரை நானும் அவரும் ஒரே ஆள். நிக்காஹ் புத்தகத்தில்கூட நாங்கள் இரண்டு பேர்தான், இரண்டு கையெழுத்துதான். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அந்த லீவு முடிந்து அவர் போனபோது எப்போதும்போல் அழுதேன், ஆனால் வெறுங்கையோடு அனுப்பவில்லை என்று ஒரு ஆறுதல் இருந்தது.

ஆறுதல் கொஞ்ச நாள்தான். அதற்குப் பிறகு வேறு ஒரு பழக்கம் அவருக்கு இருப்பது எனக்குத் தெரிய வந்தது. ராத்திரி இஷா தொழுதுவிட்டுப் பேசுவார். பேசி வைத்த பிறகு ஏதாவது ஞாபகம் வந்து நான் திரும்பக் கூப்பிட்டால், ஃபோன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் அரபியிலும் இங்கிலீஷிலும் சொல்வாள். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, தினமும் அப்படித்தான். மாமிக்கு மயக்கம் வந்த அன்றும் அந்தப் பெண்தான் பேசினாள். அந்தக் குரலோடு நான் மனதுக்குள் எவ்வளவு சண்டை போட்டிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. எதற்கு அணைக்கிறீர்கள் என்று கேட்டால் பேட்டரி என்பார். சார்ஜ் போட்டுக்கொண்டு எல்லோரும் ஃபோனை எரியவிட்டுத்தானே தூங்குகிறார்கள்? இவர் ஃபோனுக்கு மட்டும் என்ன வந்தது? ஊரில் காதில் விழும் கதைகள் ஒன்று இரண்டா? அவன் அங்கன ஒரு குடும்பம் வச்சிருக்கான், இவன் அங்கன இன்னொரு சிம் வச்சிருக்கான் என்று. நான் அதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் காதை மூடிக்கொள்ள முடியுமா?

பிறகு அவர் மறுபடி லீவுக்கு வருகிறார் என்று தேதி வந்தது. எங்கள் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து கட்டின மாப்பிள்ளை வரப்போகிறார் என்றால் அந்த வீட்டுப் பெண் மருதாணி வைக்காமல் இருக்கமாட்டாள். கோனில் கோலம் போடுவதெல்லாம் சின்னப் பெண்களுக்கு. எங்களுக்கு இலைதான். இலையை எலுமிச்சைச் சாறும் கிராம்பும் வைத்து அம்மியில் மை போல அரைத்து, விரல் நுனிகளில் முதல் கணுவரைக்கும் தொப்பி மாதிரி அப்பி, துணி சுற்றிக்கொண்டு படுத்துவிட வேண்டும். விடியுமுன் சுபுஹுக்கு எழுந்து கழுவினால் விரல் பத்தும் ரத்தச் சிவப்பாக இருக்கும். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் மருதாணியா என்று அடுத்த வீட்டு லாத்தா கேலி செய்தாள். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டேன், என் மாப்பிள்ளையை இன்னும் யாருக்கும் கட்டிக்கொடுக்கவில்லை என்றேன். அந்த முறை இலை நல்ல இலை, கட்டைவிரல் கருஞ்சிவப்பாகிவிட்டது. எனக்கே என் கையைப் பார்த்துப் பெருமையாக இருந்தது.

அவர் திருவனந்தபுரத்தில் இறங்கி, காரில் வீடு வந்து சேரும்போது மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். இளைத்திருந்தார். காதோரம் நரை கூடியிருந்தது. என் கையைப் பார்த்துச் சிரித்தார். அது போதும் எனக்கு. தொழப் போகும்போது ஃபோனைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போனார்.

எத்தனை மாதமாகக் காத்திருந்தேன் அந்த ஃபோனுக்காக. வேவு பார்க்க இல்லை, சத்தியமாக இல்லை. விரலை வைத்தால் அது திறக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். அவ்வளவுதான் ஆசை. கையைத் துடைத்துக்கொண்டு விரலை வைத்தேன். ஃபோன் ஒரு நடுக்கம் நடுங்கிவிட்டு, பொருந்தவில்லை என்றது. மறுபடி வைத்தேன். முந்தானையில் நன்றாகத் துடைத்து, அவர் அன்று சொன்ன மாதிரி கொஞ்சம் சரித்து வைத்தேன். ஒவ்வொரு முறையும் அதே நடுக்கம். கடைசியில் விரலே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பாஸ்வேர்டு என்று ஒரு காலிக் கட்டத்தைக் காட்டியது.

யார் நீ என்று என் வீட்டுக் கட்டிலில் கிடந்துகொண்டு அது என்னைக் கேட்டது. எனக்கு அப்படித்தான் இருந்தது. விரலை எடுத்துவிட்டார் என்று முடிவு செய்துவிட்டேன். கம்பெனி எடுக்கச் சொல்லியிருக்கலாம். அப்படியானால் சொல்லியிருக்கலாமே? அணைந்து கிடக்கும் ஃபோனும் நரைத்த காதோரமும் அன்று ஃபோனை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டதும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. ஃபோனை இருந்த இடத்தில் இருந்த மாதிரியே வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போய் அவருக்காக வாங்கி வைத்திருந்த அயிலை மீனைக் கழுவ ஆரம்பித்தேன். உப்பை இரண்டு தடவை போட்டேன். அன்று சாப்பிட்டவர் தண்ணீரை மட்டும் நிறையக் குடித்தார்.

கேட்டிருக்கலாம். எதையும் மனதில் வைக்கத் தெரியாத நான் இதை மட்டும் கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் எடுத்துவிட்டேன் என்று அவர் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு எப்படி இருப்பது? கேட்காமல் இருக்கும்வரைக்கும் பாதி நம்பிக்கையாவது கையில் இருந்தது.

வந்த வாரத்தில் அம்பாசமுத்திரத்தில் என் உம்மா வீட்டுக்குப் போய் வருவது வழக்கம். பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சேரன்மகாதேவி தாண்டியதும் இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். துபாயில் வெறும் மணலையும் ஐஸ் படிந்த பெட்டிகளையும் பார்த்துப் பார்த்து வருகிறவருக்கு அந்தப் பச்சையைப் பார்த்தால் கண் கலங்கும். எப்போதும் என் தோளைத் தொட்டு, அங்கன பாரு, இங்கன பாரு என்று காட்டிக்கொண்டே வருவார். அன்றும் காட்டினார். நான் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, பஸ்ஸில் எனக்குத் தலை சுற்றுகிறது என்றேன். உம்மா வீட்டில் சாப்பிட்ட பிறகு ஆற்றுக்குப் போகலாமா என்று கேட்டார். புதுப்பொண்ணாக இருந்தபோது படித்துறையில் இரண்டு பேரும் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இடம். அங்கே வைத்துத்தான் அந்தப் பெயரையே வைத்தார். வெயிலாக இருக்கிறது என்றேன். அவர் தனியாகப் போய் உட்கார்ந்துவிட்டு, வேட்டி நுனி நனைய வந்தார். வேண்டும் வேண்டும் என்று ஏங்கிக் கிடந்த நாளெல்லாம் கையில் வந்து நிற்க, அதை நான் அப்படிச் செலவழித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்த மறுநாள் ரேஷனில் அரிசி போடுகிறார்கள் என்று பையை எடுத்துக்கொண்டு போனேன். அங்கேயும் கைரேகைதான். மிஷினில் விரல் வைத்தால் அது கீச்சென்று கத்தி ரசீதைத் தள்ளும். மாதாமாதம் என்னைப் பார்த்துப் பழகிய மிஷின், அன்று கத்தவில்லை. துடைத்து வைத்தேன், கத்தவில்லை. இடது கையை வைத்தேன், அதற்கும் இல்லை. எல்லா மிஷினும் சேர்ந்து என்னைத் தள்ளி வைத்துவிட்டதா என்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

கடைக்காரர் என் கையை எட்டிப் பார்த்தார். "மருதாணி வச்சிருக்கியல்லா அக்கா, அது எப்பிடி எடுக்கும்? பெருநாள் முடிஞ்சா இந்தத் தெருவுல பாதிப் பேருக்கு இதே கததான். உங்க மாமியக் கூட்டிட்டு வாங்க, இல்லாட்டா செவப்பு போனப் பொறவு வாங்க."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அரிசி இல்லாத பையை வீசிக்கொண்டு நான் அன்று வீட்டுக்கு வந்த வேகத்தில் புதுப்பெண்கூட நடந்திருக்கமாட்டாள். அவர் விரலைப் பதிந்தது லீவின் கடைசியில், சிவப்பு வெளுத்த பிறகு. இப்போது தொப்பியாக அப்பினேனே, ரேகையெல்லாம் சாயத்துக்குள் அமுங்கி, தோலும் காய்ந்து வறண்டு கிடக்கிறது. அவருக்காகச் சிவக்க வைத்த விரல், அதனாலேயே அவருடைய ஃபோனுக்கு அடையாளம் தெரியாமல் போயிருக்கிறது.

அவர் மெத்தைப் படியில் உட்கார்ந்து தேயிலை குடித்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். கட்டிலில் கிடந்த ஃபோன், பஸ், தலைச்சுற்றல், ரேஷன் மிஷின், எல்லாம். முடித்ததும் என் கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"வெரல அது ஏத்துக்கிடலன்னா எழுத்துக் கேட்டிருக்கும்லா? அடிச்சிருக்க வேண்டியதுதான?" என்றார்.

"அது என்ன எழுத்துன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? நீங்கதான் அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு அடிச்சிய."

அவர் ஃபோனை எடுத்து அணைத்தார். திரும்ப அது எரிந்து வரும்வரைக்கும் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வந்ததும் தன் விரலை வைத்தார். என் விரலுக்கு நடுங்கிய அதே ஃபோன் அவருடைய விரலையும் ஏற்றுக்கொள்ளவில்லை. காலிக் கட்டத்தைக் காட்டியது. அணைத்து எரியவிட்டால் முதல் தடவை யார் விரலையும் அது எடுக்காதாம், எழுத்துதான் கேட்குமாம். ஒருமுறை எழுத்தைக் கொடுத்த பிறகுதான் அன்று முழுக்க விரலை நம்புமாம். கைரேகையைப் பதியும்போதே ஃபோன் அப்படி ஒரு சொல்லை வாங்கி வைத்துக்கொள்கிறது. ஃபோனை என் கையில் கொடுத்தார்.

"நீயே அடி. வேற என்னத்தப் போடுவேன்னு நெனச்ச?"

என் பெயரை நானே அடித்ததில்லை. இங்கிலீஷில் அதற்கு என்ன எழுத்து வரும் என்று அவர் முன்பு சொன்னதை நினைவுபடுத்தி, சிவந்த விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டேன். நட்சத்திரம் இல்லை, ஆச்சரியக்குறி இல்லை. வெறும் பெயர். திறந்துகொண்டது.

பிறகு இன்னொன்று மண்டையில் உறைத்தது. "அப்ப தெனமும் ராத்திரி அமத்திப் போடுதது?" என்று கேட்டேன். "பேட்டரின்னுல்லா சொன்னிய?"

அவர் தெருப் பக்கம் பார்த்தார். டம்ளரில் தேயிலை முடிந்திருந்தது, ஆனாலும் ஒரு வாய் குடித்தார்.

"அமத்தாட்டா அது காலைல கேக்காதுல்லா" என்றார்.

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தனை நாள் அந்த அரபிப் பெண்ணின் குரலைக் கேட்டு நான் என்னவெல்லாம் நினைத்தேன்! அவர் அந்த நேரத்தில் ஃபோனை அணைத்துக்கொண்டிருந்தது மறுநாள் விடியும்போது என் பெயரை ஒருமுறை அடிப்பதற்காக. கம்பெனி வேண்டாம் என்று சொன்ன பிறகு, பாஸ்வேர்டு தேவையே இல்லாத ஒரு ஃபோனை வேண்டுமென்றே கேட்க வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இதை இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று சண்டைக்குப் போனேன். நீ கேட்கவில்லையே என்றார். அந்த மனுஷரிடம் இதற்கு மேல் என்ன வாங்க முடியும்? மாமி உள்ளேயிருந்து அரிசி வாங்கியாச்சா என்று கேட்டார்கள். நான் அழுதுகொண்டே இல்லை என்றேன். அரிசி கிடைக்காததற்கா இப்படி அழுகிறாய் என்று அவர்கள் பதறிவிட்டார்கள்.

விரலைப் புதிதாக இன்னொரு முறை பதிந்துவிடலாமா என்று அவர் கேட்டார். சிவந்த விரல் தனி, சிவக்காத விரல் தனி என்று இரண்டும் இருக்கட்டுமே என்றார். வேண்டாம் என்றேன். உள்ளே இருக்கிற விரல் அப்படியே இருக்கட்டும், அது தானாகத் திறக்கும்போது திறக்கட்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. அதற்குப் பிறகு தினமும் காலையில் அவர் ஃபோனை நீட்டுவார், நான் விரலை வைப்பேன், அது நடுங்கும். இரண்டு பேரும் சிரிப்போம். மிச்சமிருந்த லீவில் உம்மா வீட்டுக்கு இன்னொரு முறை போய், வெயிலோடு வெயிலாகப் படித்துறையில் உட்கார்ந்துவிட்டு வந்தோம். ஆற்றில் கையை அளையும்போது, சீக்கிரம் வெளுக்கட்டும் என்று அவர் கேலி செய்வார்.

அது அவ்வளவு நல்ல வேண்டுதல் இல்லை என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. விரலில் சிவப்பு தேயத் தேய லீவும் தேய்ந்துகொண்டிருந்தது. முதலில் கருஞ்சிவப்பு போனது, பிறகு செங்கல் நிறம், பிறகு மஞ்சளாக ஒரு சாயல். விரல் நுனி வெளுத்து, நகத்தில் மட்டும் சிவப்பு நின்றது. ஃபோன் என் விரலை ஏற்கக்கூடாது என்று கடைசி வாரம் நான் உள்ளுக்குள் துவா செய்திருக்கிறேன். ஒருநாள் காலையில் அவர் நீட்டினார், நான் வைத்தேன், நடுங்கவில்லை. சத்தமில்லாமல் திறந்துகொண்டது. அடுத்த நாள் அவருக்கு ஃபிளைட். பெட்டியில் கருவாட்டுப் பொட்டலத்தை நாலு உறை போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தவர், பார்த்தியா என்றார். பார்த்தேன் என்றேன்.

இப்போது அவர் அங்கே இருக்கிறார். இன்னும் இரண்டு வருஷம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். இஷாவுக்குப் பிறகு பேசுவார். நெற்றியும் மின்விசிறியும் தெரியும். வைத்த பிறகு நான் வேண்டுமென்றே ஒருமுறை திரும்பக் கூப்பிடுவேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அந்தப் பெண் சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதி. அவளோடு இப்போது சண்டை இல்லை. அவள் பேசாத நாள் ஒன்று வந்துவிடுமோ என்றுதான் பயம்.

எங்களுக்கு விடிந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர்களுக்கு விடியும். நான் சுபுஹு தொழுதுவிட்டு, மாமிக்குத் தேயிலை போட்டுக் கொடுத்துவிட்டு, இட்லி ஊற்றும்போது ஃபோனை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்திருப்பேன். வாட்ஸ்அப்பில் அவர் பெயருக்குக் கீழே நேற்று ராத்திரி பார்த்த நேரமே நின்றுகொண்டிருக்கும். பார்த்துக்கொண்டே இருக்கும்போது அது மறைந்து, ஆன்லைன் என்று வரும். அவர் எழுந்துவிட்டார். ஃபோனை எரியவிட்டுவிட்டார். அது கேட்டிருக்கிறது, அவர் அடித்திருக்கிறார்.

அந்த நேரத்தில் என் வாய் என்னையறியாமல் "என்ன?" என்று கேட்டுவிடுகிறது. அவர் வீட்டில் இருக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் அப்படித்தான் கேட்பேன். நேற்றும் கேட்டுவிட்டேன். முற்றத்திலிருந்த மாமிக்குக் காது இன்னும் நன்றாகக் கேட்கிறது.

"யாருட்ட புள்ள பேசுத?" என்றார்கள்.

"உங்க மவன் கூப்பிட்டாரு மாமி" என்றேன்.